பெருநாள், தீபாவளி, பொங்கல்: பருவ வியாபாரத்துக்குச் சிறு கடைகள் தயாராவது எப்படி?

நாகமலை புதுக்கோட்டையில் கடை வைத்திருப்பவருக்குப் பெரிய போட்டி, தேனி சாலையில் ஓடும் டவுன் பஸ்தான். அச்சம்பத்து, விராட்டிபத்து, காளவாசல் தாண்டி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் அது மக்களை மதுரை மாசி வீதிகளில் இறக்கிவிடுகிறது. நோன்பின் கடைசிப் பத்து நாளானாலும் சரி, தீபாவளிக்கு முந்தைய ஞாயிறானாலும் சரி, நம் தெருவாசிகளே நம் கடையைக் கடந்து விளக்குத்தூணுக்குப் போகிறார்கள். இரண்டாவது போட்டி ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் போன். 2014 அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட் தன் முதல் 'பிக் பில்லியன் டே' விற்பனையை நடத்தியது. அன்றிலிருந்து தீபாவளிச் சந்தையில் ஒரு பங்கு நம் ஊர்க் கடைகளுக்குள் வராமலே வீட்டு வாசலில் வந்து இறங்குகிறது.

சிறு கடைக்காரர் குடும்பத்தில் பண்டிகைக் காலம் என்பது சாதாரண விஷயம் அல்ல. ஜவுளி, செருப்பு, வளையல், வாசனைப் பொருள், பலகாரம், தையல் என்று எந்தத் தொழிலானாலும், இருபது முப்பது நாள் விற்பனைதான் மற்ற மாதங்களின் வாடகையையும் பிள்ளைகளின் கட்டணத்தையும் தாங்குகிறது. அந்தச் சரக்குக்கான முதல் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் நகையாக இருக்கும். பருவம் தவறினால் நகை மூழ்கிவிடும். எனவே பருவ வியாபாரத்தைத் திட்டமிடுவது எப்படி, எதில் ஏமாறக் கூடாது, சட்டம் என்ன சொல்கிறது என்பவற்றைக் குறிப்பேடு போல இங்கே தொகுத்திருக்கிறோம்.

முதல் வேலை: நாட்காட்டி

தீபாவளியும் பொங்கலும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் வரும். நம் பெருநாட்கள் அப்படியல்ல. பிறைக் கணக்கில் ஆண்டு ஒன்றுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். போன வருடக் கணக்கை வைத்து இந்த வருடம் சரக்கு எடுப்பவர் இங்கேதான் முதலில் தடுமாறுகிறார். கோடையில் வந்த பெருநாளுக்கு மெல்லிய பருத்தி விற்றது என்பதற்காகக் குளிர்காலப் பெருநாளுக்கும் அதையே குவிக்க முடியாது.

வரும் ஆண்டுகளின் கணக்கு இது. பிறை தெரிவதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம்.

- நோன்புப் பெருநாள்: 2027-இல் மார்ச் 10, 2028-இல் பிப்ரவரி 27, 2029-இல் பிப்ரவரி 15, 2030-இல் பிப்ரவரி 5, 2031-இல் ஜனவரி 25, 2032-இல் ஜனவரி 15 ஆகிய நாட்களை ஒட்டி.
- ஹஜ்ஜுப் பெருநாள்: 2027-இல் மே 17, 2028-இல் மே 5, 2029-இல் ஏப்ரல் 24 ஆகிய நாட்களை ஒட்டி.

இந்தப் பட்டியலில் மதுரை வியாபாரி கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, 2030-ஆம் ஆண்டில் ரமலான் இரண்டு முறை தொடங்கும்: ஜனவரி முதல் வாரத்தில் ஒரு முறை, டிசம்பர் கடைசி வாரத்தில் மறுமுறை. இந்த ரமலானுக்கு உள்ளேயே பொங்கலும் வரும்.

இரண்டு, 2032-இல் நோன்புப் பெருநாளும் பொங்கலும் ஏறத்தாழ ஒரே நாளில் வந்து நிற்கும். ஒரே கடையில், ஒரே வாரத்தில் இரண்டு கூட்டம் என்றால் ஆள், சரக்கு, இடம் மூன்றுக்கும் இப்போதே யோசனை வேண்டும்.

மூன்று, சித்திரைத் திருவிழா. கள்ளழகர் வைகையில் இறங்குவது சித்திரைப் பௌர்ணமியில். ஹஜ்ஜுப் பெருநாள் பிறை பத்தில் வருவதால், அந்த மாதத்துப் பௌர்ணமிக்குச் சில நாள் முன்பாகவே எப்போதும் அமையும். 2028, 2029 இரு ஆண்டுகளிலும் அந்தப் பௌர்ணமி சித்திரைப் பௌர்ணமியாகவே இருக்கும். அதாவது ஹஜ்ஜுப் பெருநாளும் அழகர் இறங்குவதும் ஒரே வாரத்தில். மதுரை நகரப் போக்குவரத்து மாற்றி விடப்படும் அந்த நாட்களில் டவுனுக்குப் போக மக்கள் தயங்குவார்கள். நாகமலைக் கடைகளுக்கு அது நல்ல வாய்ப்பு. ஆனால் நம் சரக்கும் டவுன் மொத்தக் கடையிலிருந்துதான் வரவேண்டும் என்றால், அதை ஒரு வாரம் முன்பே இறக்கிவிட வேண்டும்.

இன்னொரு உண்மையும் கணக்கில் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம். நம் பெருநாளை மட்டும் நம்பி நடத்தும் கடை ஆண்டில் இரண்டு முறைதான் மூச்சு விடும். தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ், கல்யாண மாதங்கள், பள்ளிக்கூடத் திறப்பு எல்லாம் சேர்ந்ததுதான் வியாபார நாட்காட்டி. 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால்தான் சரக்கு எடுக்கும் தேதி தெரியும்.

மதுரையே கற்றுத் தரும் பாடங்கள்

பருவ வியாபாரத்தைப் படிக்க வெகுதூரம் போகத் தேவையில்லை. மீனாட்சியம்மன் கோயில் எதிரே உள்ள புதுமண்டபம், திருமலை நாயக்கர் காலத்தில் கட்டப்பட்டது. நெடுங்காலம் தையற்காரர்களும் புத்தக, வளையல், பாத்திரக் கடைக்காரர்களும் அதற்குள் தொழில் செய்தனர். அண்மை ஆண்டுகளில் அந்தக் கடைகள் பக்கத்திலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. அங்கே தைப்பவர்களில் நம் சமுதாயத்தினர் பலர் உண்டு. சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டு வேடமிடும் பக்தர்களின் வண்ண உடைகளைத் தலைமுறைகளாகத் தைத்துக் கொடுத்து வருகிறார்கள். விழா சில நாட்கள்தான். ஆனால் அதற்கான வெட்டலும் தையலும் வெகு முன்பே தொடங்கிவிடும். அவர்களைத் தேடி ஆள் வருவதற்கு விளம்பரப் பலகை காரணமல்ல. அந்த உடைக்கு எந்தத் துணி, எந்தச் சரிகை, எந்த அளவு என்று அவர்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கைதான் காரணம். ஒரு பண்டிகையின் ஒரு தேவையை முழுதாக அறிந்து வைத்திருப்பவரைக் கூட்டம் தானே தேடி வரும்.

இரண்டாவது பாடம் ஜிகர்தண்டா. விளக்குத்தூண் அருகே 1977 முதல் நடந்துவரும் கடை, ஒரே ஒரு பானத்தின் பெயராலேயே ஊருக்கு வெளியேயும் அறியப்படுகிறது. பால், கடற்பாசி, நன்னாரி, ஐஸ்கிரீம் சேர்ந்த அந்தக் குவளைக்கு மதுரை வெயில்தான் விளம்பரம். பத்துப் பொருளைப் பாதி தரத்தில் வைப்பதைவிட, 'அதை வாங்க வேண்டுமானால் அங்கேதான்' என்று சொல்லவைக்கும் ஒரு பொருள் சிறு கடைக்குப் போதும்.

மூன்றாவது பாடம் திருநெல்வேலிப் பத்தமடையில் இருக்கிறது. கோரைப்பாய் நெய்யும் நம் சமுதாயப் பெண்கள், கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையும் தேதியையும் சேர்த்து நெய்து தருகிறார்கள். பெயர் போட்ட பாயை முன்கூட்டிச் சொல்லித்தான் வாங்க முடியும். சொல்லிவைத்துச் செய்த பொருள் தேங்காது. தையற்கடைக்கும், பலகாரம் செய்பவருக்கும், பரிசுப் பெட்டி கட்டுபவருக்கும் இதே வழிதான். முன்பதிவு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நட்டப்பயம் குறையும்.

சரக்கும் கடனும்

பருவ வியாபாரத்தில் குடும்பங்கள் கவிழ்வது பெரும்பாலும் விற்காததால் அல்ல, விற்றதைவிட அதிகமாக எடுத்ததால். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவர் 400 ரூபாய் விலையில் 100 சுடிதார் செட் எடுக்கிறார். முதல் 40,000 ரூபாய். விற்கும் விலை 600. பெருநாளுக்குள் 70 போகிறது. கைக்கு வந்தது 42,000. முதல் திரும்பிவிட்டது, 30 செட் மீதி. அதை மறுவாரமே 350 ரூபாய்க்குத் தள்ளினால் 10,500 வரும். மொத்தம் 52,500. செலவு போகக் கணக்கில் 12,500 ரூபாய் மிச்சம்.

இதே 40,000-ஐ மாதம் பத்து வட்டிக்கு வாங்கி இரண்டு மாதம் வைத்திருந்தால் வட்டி மட்டும் 8,000. மிச்சம் 4,500 ஆகிறது. அதில் கடை வாடகையும் உதவியாளின் கூலியும் போனால் இரவு பகலாக நின்றதற்கு எதுவும் மிஞ்சாது. மீந்த 30 செட்டை 'அடுத்த பெருநாளுக்கு ஆகும்' என்று பரணில் ஏற்றிவிட்டாலோ, 42,000-இல் 40,000 அசலும் 8,000 வட்டியும் கொடுக்க முடியாமல் 6,000 ரூபாய் கையிழப்பு. வட்டி மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்பது ஒரு புறம் இருக்க, பருவ வியாபாரத்தின் கணக்கிலும் அது தாங்காது. கடும் வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. மிரட்டி வசூலித்தால் காவல் நிலையத்தில் புகார் செய்யலாம்.

மாற்று வழிகள் உண்டு. மொத்த வியாபாரியிடம் விற்காததைத் திருப்பும் பேச்சுடன் சரக்கு எடுக்கலாம். விலை சற்றுக் கூடினாலும் பயம் குறைவு. நான்கைந்து சிறு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே மூட்டையாக எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம். உறவினரைப் பங்காளியாகச் சேர்த்து, லாப நட்டம் இரண்டிலும் பங்கு என்று எழுதிக்கொள்ளலாம். ஜமாஅத்தில் பைத்துல்மால் இயங்கினால் வட்டியில்லாக் கடன் கேட்கலாம். எதுவானாலும் எழுதி, இரு சாட்சி வைத்துக்கொள்வது நல்லது.

முதல் தடவை எடுக்கும்போது மதிப்பிட்டதில் பாதியை எடுங்கள். பத்து நாள் விற்பனையைப் பார்த்து, ஓடும் அளவையும் நிறத்தையும் மட்டும் மறுபடி எடுங்கள். மொத்தக் கடைகள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருப்பது நமக்குள்ள வசதி. நம்மைவிட்டு வாடிக்கையாளரை ஏற்றிப் போகும் அதே பஸ், நமக்குச் சரக்கையும் ஏற்றி வரும்.

தள்ளுபடி கொடுக்கும் முன்

'பத்து சதவீதம் தள்ளுபடி' என்று எழுதுவது எளிது. மேலே சொன்ன 600 ரூபாய் செட்டில் லாபம் 200. பத்து சதவீதம் குறைத்தால் 60 போய், லாபம் 140 ஆகிறது. முன்பு 100 செட்டில் கிடைத்த லாபத்தை எடுக்க இப்போது 143 செட் விற்க வேண்டும். இருபது சதவீதம் குறைத்தால் லாபம் 80. அப்போது 250 செட் விற்றால்தான் சமம். நம் தெருவில் அவ்வளவு பேர் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பலகை எழுதுங்கள்.

அதற்குப் பதிலாக 25 ரூபாய் அடக்கத்தில் ஒரு கைக்குட்டையோ அத்தர்க் குப்பியோ இனாமாகக் கொடுத்தால் லாபம் 175. அப்போது 115 செட் விற்றாலே போதும். வாங்கியவருக்கும் கையில் ஒரு பொருள் கிடைத்த நிறைவு. பெரிய கடையும் இணையமும் விலையைக் குறைக்க முடியும். அன்று மாலைக்குள் கையை உள்ளே பிடித்துத் தருவது, பாட்டிக்கு வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டுவது, பெருநாள் முடிந்து அளவு மாற்றித் தருவது அவர்களுக்குக் கடினம். சிறு கடையின் தள்ளுபடி சேவையில் இருக்கட்டும்.

நம் ஊர் வாடிக்கையாளர் யார்?

நாகமலை புதுக்கோட்டையின் இயல்பே தனி. 1965-இல் தொடங்கிய சு. வெள்ளைச்சாமி நாடார் கல்லூரி ஒரு புறம். 1966-இல் நிறுவப்பட்ட மதுரைக் காமராசர் பல்கலைக்கழகம் சற்று மேற்கே. வடபழஞ்சியில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா. என்.ஜி.ஓ. காலனி போன்ற குடியிருப்புகளில் பணியில் இருப்பவரும் ஓய்வு பெற்றவரும். கீழக்குயில்குடி முதலிய சுற்றுக் கிராமங்களில் விவசாயக் குடும்பங்கள். ஒவ்வொருவர் கையிலும் பணம் வரும் நாள் வேறு.

மாணவர்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விடுவார்கள். பண்டிகை வாரத்தில் அவர்களை எதிர்பார்த்தால் ஏமாற்றமே. ஆனால் ஊருக்குப் புறப்படும் முந்தைய நான்கு நாட்களில் வீட்டுக்கு ஏதாவது வாங்கிப் போக நினைப்பார்கள். 150, 250 ரூபாயில் கட்டிவைத்த சிறு பெட்டி, பஸ்ஸில் கசங்காத கட்டு, இவை அவர்களுக்கு. மாதச் சம்பளக்காரர் முதல் வாரத்தில் வாங்குவார். ஓய்வூதியர் கூட்டம் சேரும் முன், காலையிலேயே வாங்க விரும்புவார். அவருக்கு ஒரு நாற்காலி போட்டால் அதுவே விளம்பரம். கிராமத்துக் குடும்பங்கள் அறுவடையை ஒட்டிப் பொங்கலுக்கு வருவார்கள்.

பொங்கலுக்கு மளிகைக் கடைக்காரர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரேஷன் கடையில் அரசு வழங்கும் பொங்கல் தொகுப்பில் என்னென்ன இருக்கும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அறிவிப்பு வந்த பிறகு பச்சரிசி, சர்க்கரை, கரும்பு அளவை முடிவு செய்தால் தேங்காது.

நோன்பு மாதத்தில் நேரமே மாறுகிறது. பகலில் கூட்டம் குறைவு. தராவீஹ் முடிந்துதான் பெண்கள் கடைக்கு வருவார்கள். அப்போது வெளிச்சம், வண்டி நிறுத்த இடம், துணி மாற்றிப் பார்க்க மறைவான இடம் மூன்றும் இருந்தால் டவுன் வரை போகும் எண்ணம் பலருக்கு மாறும்.

செலவில்லா விளம்பரம்

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். பொருள் படம், விலை, அளவு எல்லாம் பட்டியலாகப் போடலாம். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரை சேரலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே பில் கொடுக்கும்போதே 'நம்பரைப் பதிந்துகொள்ளுங்கள்' என்று கேட்பதுதான் முதல் விளம்பரம். ஜமாஅத் குழுவிலும் குடியிருப்புக் குழுவிலும் தினமும் படம் போட்டால் மக்கள் சலித்துவிடுவார்கள். குழு நிர்வாகியிடம் கேட்டுவிட்டு வாரம் ஒன்று போதும்.

கூகுள் வரைபடத்தில் கடையைச் சேர்ப்பதற்கும் பணம் இல்லை. நோன்பு கால நேர மாற்றத்தையும் பண்டிகை விடுமுறையையும் அதில் திருத்தி வையுங்கள். பூட்டிய கடைக்கு வந்து திரும்பியவர் மறுபடி வருவது அரிது.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. கடைப் பெயரும் எண்ணும் அச்சிட்ட துணிப்பை, மீன் கடைக்கும் காய்கறிக் கடைக்கும் மாதக்கணக்கில் போய்வரும். நோட்டீஸ் அன்றைக்கே குப்பைக்குப் போகும். 500 ரூபாய்க்கு மேல் வாங்குவோருக்கு மட்டும் பை என்று வைத்தால் செலவும் கட்டுப்படும்.

சாலையோர பிளெக்ஸ் பேனர் வேண்டாம். அனுமதியின்றி வைப்பது குற்றம். 2019-இல் சென்னையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்ததை நாம் மறக்கக் கூடாது.

வீட்டிலிருந்து விற்கும் பெண்களுக்கு

நோன்பு மாதத்தில் சமோசாவும் கடல்பாசியும், பெருநாளுக்கு வட்டிலப்பமும் தம்ரூட்டும், தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் என்று வீட்டிலிருந்தே விற்கும் சகோதரிகள் பலர். உணவுப் பொருளைச் சிறிய அளவில் விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு கட்டாயம். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். அத்துடன் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எதற்குள் உண்ண வேண்டும், சைவமா அசைவமா என்ற குறி, முகவரி ஆகியவையும் வேண்டும். இது தொல்லையாகத் தோன்றலாம். ஆனால் இந்தச் சீட்டு ஒட்டிய பொட்டலத்தைத்தான் சூப்பர் மார்க்கெட் தன் அலமாரியில் வைக்கும். முகம் தெரியாதவரும் நம்பி வாங்குவார்.

மாற்றுச் சமயத்து வாடிக்கையாளர்களை எண்ணி ஒரு சிறு கவனம். தீபாவளி, பொங்கல் பலகாரத்தை அசைவம் சமைக்காத தனிப் பாத்திரத்தில், தனி எண்ணெயில் செய்து, அதைச் சொல்லியும் விற்றால் தயக்கமின்றி வாங்குவார்கள். நம் ஹலால் கேள்வியை மற்றவர் மதிக்க வேண்டும் என்று விரும்பும் நாம், அவர்களின் சைவக் கேள்வியை மதிப்பதும் முறை.

முன்பதிவுக்குக் கெடு வையுங்கள். பெருநாளுக்கு நான்கு நாள் முன்பே 'இனி எடுக்க முடியாது' என்று சொல்லும் துணிவு வேண்டும். ஏற்றுக்கொண்டு கொடுக்க முடியாமல் போனால், அந்த வீட்டுப் பெருநாளே கெட்டுவிடும். பாதிப் பணம் முன்பணமாக வாங்கினால் கடைசி நேரத்தில் 'வேண்டாம்' என்பவர் குறைவார்.

தொழிலை உத்யம் தளத்தில் பதிவு செய்வது இலவசம். இதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் ஏமாற வேண்டாம்.

சீட்டு நடத்தும் முன்

தீபாவளிச் சீட்டு, பலகாரச் சீட்டு, பெருநாள் சீட்டு என்று வாரா வாரம் பணம் சேர்த்துப் பண்டிகைக்குப் பொருள் கொடுப்பது நம் ஊர்களில் பழைய வழக்கம். அதே வழியில் பல ஊர்களில் ஏழைப் பெண்களின் பணம் பறிபோன செய்திகளையும் ஆண்டுதோறும் படிக்கிறோம். சீட்டு நடத்த 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஒரு குறிப்பிட்ட பொருளை முன்பதிவு செய்ய முன்பணம் வாங்கி, ரசீது கொடுப்பது வேறு. பல மாதம் பணம் திரட்டி அதை வேறு வியாபாரத்தில் போடுவது வேறு. நல்லெண்ணத்தில் தொடங்கியவரும் இரண்டாவதில் சிக்கினால், போவது பணம் மட்டுமில்லை, தலைமுறையாகச் சேர்த்த பெயரும்தான்.

நேர்மை என்பது சட்டமும் கூட

விலையை ஏற்றி எழுதி அடித்துவிட்டுத் 'தள்ளுபடி' என்பது, இல்லாத சரக்கைக் காட்டி ஆளை வரவழைப்பது, இவை மார்க்கத்தில் ஏமாற்று. அளவில் குறைப்பவர்களைக் கண்டிக்கவே குர்ஆனில் 83-வது அத்தியாயம் அந்தப் பெயரில் அமைந்திருக்கிறது. நாட்டின் சட்டமும் இவற்றைத் தடுக்கிறது. 2022 ஜூன் 9 அன்று வெளியான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் தூண்டில் விளம்பரத்தை வரையறுத்து, அதற்கு நிபந்தனைகள் விதித்திருக்கின்றன. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சிட்டிருந்தால் நீக்கிவிடுங்கள். வாங்கும் குடும்பங்களும் தெரிந்துகொள்ளட்டும்: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடைக்காரரையும் ஏமாற்ற ஆள் உண்டு. கூட்ட நேரத்தில் 'பணம் அனுப்பிவிட்டேன்' என்று போன் திரையைக் காட்டிவிட்டுப் போவார்கள். நம் ஒலிப்பெட்டியோ வங்கிச் செய்தியோ உறுதி செய்த பிறகே பொருளைக் கொடுங்கள். ஒட்டிவைத்த கியூஆர் அட்டை மாற்றப்படவில்லையே என்று தினமும் காலையில் பாருங்கள்.

பண்டிகை முடிந்த மறுநாள்

மீந்த சரக்கை எண்ணி எழுதும் பழக்கம் பலரிடம் இல்லை. ஜகாத் கொடுக்கும் வியாபாரி ஆண்டுக்கு ஒரு முறை சரக்கை எண்ணித்தான் ஆக வேண்டும். அந்தப் பட்டியலையே வியாபாரக் கணக்காகவும் வைத்துக்கொள்ளலாம்: எந்த அளவு தீர்ந்தது, எந்த நிறம் நின்றது, எந்தத் தேதியில் கூட்டம் உச்சம், எதைக் கேட்டு இல்லையென்று திரும்பினார்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒரு நோட்டில் 'இல்லை என்று சொன்னவை' என்று ஒரு பக்கம் வைத்தால், அடுத்த ஆண்டுச் சரக்குப் பட்டியல் தானே உருவாகிவிடும்.

மீந்ததை மாதக் கடைசிக்குள் அடக்க விலைக்காவது விற்றுவிடுங்கள். பரணில் இருக்கும் துணி முதலைத் தின்றுகொண்டிருக்கும்.

சுவரில் ஒட்டிக்கொள்ள: 60 நாள் அட்டவணை

- 60 நாள் முன்பு: சென்ற ஆண்டு நோட்டைப் பார்க்கவும். கைமுதல் எவ்வளவு என்று முடிவு செய்யவும். வட்டிக்கு வாங்கும் நிலை வந்தால் சரக்கைக் குறைக்கவும்.
- 45 நாள் முன்பு: மொத்தக் கடையில் பாதிச் சரக்கு. திருப்பும் பேச்சை எழுத்தில் வாங்கவும். தையற்காரரை உறுதி செய்யவும்.
- 30 நாள் முன்பு: வாட்ஸ்அப் பட்டியல், வரைபட நேரம், துணிப்பை தயார். முன்பதிவு தொடக்கம்.
- 20 நாள் முன்பு: ஓடும் சரக்கை மட்டும் மறுபடி எடுக்கவும்.
- 10 நாள் முன்பு: இரவு நேரக் கடை, கூடுதல் ஆள், சில்லறை. தையல் ஆர்டர் நிறுத்தம்.
- 4 நாள் முன்பு: பலகார ஆர்டர் நிறுத்தம். கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடிக்கவும்.
- முந்தைய இரவு: உதவிக்கு நின்றவரின் கூலியைக் கொடுத்துவிட்டுக் கடையைப் பூட்டவும். அவர் வீட்டிலும் பண்டிகை.
- மறுவாரம்: சரக்கு எண்ணிக்கை, மீந்ததை விற்றல், கடன் அடைத்தல்.

இந்தப் பட்டியலில் எதுவும் பெரிய முதலைக் கேட்பதில்லை. முன்யோசனையை மட்டுமே கேட்கிறது. வாங்கும் குடும்பங்களிடமும் ஒரு வேண்டுகோள். பெருநாள் பட்டியலில் ஒரு பொருளையாவது நம் தெருக் கடையில் வாங்குங்கள். அந்தக் கடைக்காரர் எந்தச் சமுதாயத்தவராக இருந்தாலும், அவசரத்துக்கு நள்ளிரவில் கதவைத் தட்டினால் திறக்கப்போவது அவர்தான். நம் வியாபாரங்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.